சுமை வண்டியும் சுக சவாரியும்

மாட்டு வண்டியில் போய் வந்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். நெல் மூட்டை ஏற்றிய வண்டி கனமாக அசைந்து போகும். மூட்டையை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போதோ, கடகடவென்று குதித்துக்கொண்டு வரும். பாரம் என்பது வண்டிக்குக் கஷ்டம் என்று நாம் நினைக்கிறோம். பாரம் இல்லாததே பெரிய கஷ்டமாக முடிகிற வண்டிகளும் உலகத்தில் உண்டு.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 'ஹெவி டியூட்டி பிக்-அப்' என்று வழங்கும் வண்டிகள் இந்த ஜாதியைச் சேர்ந்தவை. முன்னால் நாலு கதவு வைத்த அறை. பின்னால் மூடியில்லாத சாமான் தொட்டி. ஃபோர்டு எப்-250, எப்-350, ராம் 2500, 3500, ஷெவர்லே சில்வராடோ 2500 முதலியவை இந்தக் குலத்தில் பெயர் பெற்றவை. வெறும் வண்டியே ஏறக்குறைய 3 டன் கனம். தொட்டியில் மாதிரிக்குத் தக்கபடி சுமார் ஒரு டன்னும் அதற்கு மேலும் ஏற்றலாம். அதோடு குதிரைகள் நிற்கும் கூண்டையோ, சக்கரம் வைத்த சிறு வீட்டையோ பின்னால் மாட்டி இழுத்துப் போகலாம்.

இவ்வளவு பலசாலியான வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவர்களின் கதி என்ன? அதைத்தான் இங்கே சற்று விசாரிக்கப் போகிறோம்.

வயலிலிருந்து வீட்டுக்கு

ஆதியில் இந்த வண்டி குடும்பத்துக்காக ஏற்பட்டதல்ல. 1925-ஆம் வருஷத்தில் ஃபோர்டு கம்பெனி தனது 'மாடல் டி' மோட்டாரின் பின்புறத்தில் ஒரு தொட்டியை வைத்து, 281 டாலர் விலைக்கு விற்றது. குடியானவர்களும் கடைக்காரர்களும் வாங்கினார்கள். அதில் ஏறியவர்கள் சுகத்தை எதிர்பார்க்கவும் இல்லை, அடையவும் இல்லை. 1957-இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி 'டிராவலெட்' என்ற பெயரில் இரண்டு வரிசை ஆசனங்கள் வைத்த பிக்-அப் ஒன்றைச் செய்தது. வேலையாட்களை அழைத்துப் போவதற்காக வந்த அந்த இரண்டாவது வரிசையில், நாளடைவில் மனைவியும் மக்களும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

இன்று அங்கே ஒரு தச்சரோ, குழாய் வேலை செய்பவரோ, மாட்டுப் பண்ணை வைத்திருப்பவரோ இரண்டு வண்டிகள் வாங்குவதற்குப் பதிலாக இந்த ஒன்றை வாங்குகிறார். திங்கட்கிழமை அது சிமெண்டு மூட்டை சுமக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வயதான தாயாரைச் சுமக்கிறது. சிமெண்டு மூட்டை முறையிடுவதில்லை. தாயாரின் இடுப்பு முறையிடுகிறது. அப்போதுதான் வீட்டுக்காரர், "இந்த வண்டியைச் சற்று மிருதுவாக ஓடும்படி செய்ய முடியாதா?" என்று விசாரிக்கத் தொடங்குகிறார். அதற்கு மருந்து சொல்பவர்களும் சாமான் விற்பவர்களும் ஏராளம். எது பலன் தரும், எது பணத்தை மாத்திரம் வாங்கும், எது உயிருக்கே வினையாக முடியும் என்பதைப் பிரித்து அறிவதே கடினம்.

குலுக்கலின் கணக்கு

தமிழில் 'வில் வண்டி' என்ற அழகான சொல் இருக்கிறது. அச்சுக்கும் மேல்தட்டுக்கும் நடுவில் இரும்பு வில் வைத்த வண்டி என்று பொருள். மோட்டார் வண்டியிலும் அதே தத்துவம்தான். சக்கரம் மேட்டில் ஏறும்போது வில் அமுங்கி, அந்த அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொள்கிறது. இந்த ஏற்பாடு முழுவதையும் சேர்த்து 'ஸஸ்பென்ஷன்' என்கிறார்கள்.

வில்லின் குணத்தை அறிய எளிய கணக்கு ஒன்று உண்டு. வண்டியின் கனத்தினால் வில் எத்தனை செண்டிமீட்டர் அமுங்கி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் 300-ஐ வகுத்தால், வண்டி நிமிஷத்துக்கு ஏறக்குறைய எத்தனை தடவை மேலும் கீழும் ஆடும் என்பது கிடைத்துவிடும். நிமிஷத்துக்கு 60 முதல் 90 தடவை வரை மெதுவாக ஆடும் வண்டியை மனிதர்கள் சுகமான வண்டி என்கிறார்கள். அதற்கு மேலே போகப் போக 'முரட்டு வண்டி' என்று பெயர் வருகிறது.

உதாரணமாக, ஒரு பிக்-அப்பின் பின் வில்களின் மீது வெறும் வண்டியின் கனம் 1,000 கிலோ இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன்மேல் 1,200 கிலோ சாமான் ஏற்றினால் 2,200 கிலோ ஆகிறது. இந்தப் பாரத்தில் வில் 10 செண்டிமீட்டர் அமுங்கும்படி அமைத்திருந்தால், ஆட்டம் நிமிஷத்துக்கு 95. குறை சொல்வதற்கில்லை. சாமானை இறக்கியதும் அதே வில் நாலரை செண்டிமீட்டர்தான் அமுங்கி நிற்கும். ஆட்டம் 141 ஆகிவிடுகிறது!

ஆகவே, வண்டி செய்தவன் தவறு செய்துவிட்டான் என்று சொல்ல இடமில்லை. முழுப் பாரத்துக்கு ஏற்ற வில்லை வைத்தால் வெறும் வண்டி குதிக்கும். வெறும் வண்டிக்கு ஏற்ற வில்லை வைத்தால் பாரம் ஏற்றியதும் வண்டி பின்புறம் மண்டியிட்டுவிடும். குலுக்கல் என்பது பலத்துக்குக் கொடுக்கும் விலை.

இதோடு இன்னும் இரண்டு தொல்லைகள் உண்டு. பின்புற வில் பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புப் பட்டைகளால் ஆனது. பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதால், பெரிய பள்ளத்தில்தான் நன்றாக வளைந்து கொடுக்கும். சிறிய மேடு பள்ளங்களில் ஒட்டிக்கொண்டு அசைய மறுக்கும். அந்தச் சமயத்தில் வண்டிக்கு வில்லாக உதவுவது டயர் ஒன்றுதான். அடுத்தது, முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள பொருத்தம். ரோல்ஸ்-ராய்ஸ் கம்பெனியிலிருந்து 1930-இல் காடிலாக் கம்பெனிக்கு வந்த மாரிஸ் ஆலி என்ற நிபுணர், 1932-இல் எடைகளை இடம் மாற்றி வைக்கக்கூடிய ஒரு பரீட்சை வண்டியைச் செய்து ஓட்டிப் பார்த்தார். முன் வில் பின் வில்லைவிடச் சற்று மிருதுவாக இருந்தால் வண்டி முன்னும் பின்னும் ஊஞ்சலாடாமல் சமமாகப் போகும் என்று கண்டார். 'சற்று' என்பதுதான் இதில் முக்கியம். பாரமில்லாத பிக்-அப்பில் பின்பக்கம் சற்றல்ல, அளவுக்கு மீறியே விறைப்பாக இருக்கிறது.

உடம்பு அறியும் அதிர்ச்சி

இதெல்லாம் வெறும் சொகுசு ஆராய்ச்சி என்று எண்ண வேண்டாம். உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு மேலும் கீழுமான அசைவை எல்லா வேகத்திலும் ஒரே மாதிரி உணர்வதில்லை. விநாடிக்கு 4 முதல் 8 தடவை வரும் அதிர்ச்சிதான் வயிற்றையும் முதுகெலும்பையும் மிகவும் அலைக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு அமெரிக்காவின் கான்கிரீட் சாலைகளைப் பார்ப்போம். பலகை பலகையாக வார்த்த அந்தச் சாலையில் 15 அடிக்கு ஒரு மூட்டு இருந்தால், மணிக்கு 60 மைல் வேகத்தில் போகும் வண்டிக்கு விநாடிக்கு ஏறக்குறைய 6 இடி விழுகிறது. உடம்புக்கு எது ஆகாதோ, சரியாக அதே தாளம்! நீளமான வண்டியின் இரும்புச் சட்டமும் இந்தத் தாளத்துக்கு இசைந்து நெளிய ஆரம்பித்துவிடும். இந்த இடியை எந்த வில்லும் முழுவதும் நீக்காது. வேகத்தைச் சிறிது கூட்டியோ குறைத்தோ தாளத்தைக் கலைப்பதே அதற்கு உடனடியான பரிகாரம்.

தினந்தோறும் படும் அதிர்ச்சி உடம்பைக் கெடுக்கும் என்பதைச் சட்டங்களும் ஒப்புக்கொண்டிருக்கின்றன. ஐரோப்பிய யூனியன் 2002-இல் செய்த விதிகள், வண்டியும் யந்திரமும் ஓட்டுகிறவர்களின் உடம்பு எட்டு மணி நேர வேலையில் எவ்வளவு அதிர்ச்சியைத் தாங்கலாம் என்று எல்லை கட்டியிருக்கின்றன. எல்லையை நெருங்கினால் முதலாளி பரிகாரம் தேட வேண்டும். தன் வண்டியைத் தானே ஓட்டிப் பிழைக்கும் அமெரிக்கத் தச்சருக்கு முதலாளியும் அவரே. பரிகாரம் தேட வேண்டியவரும் அவரே.

கம்பெனிகள் செய்தவை

வண்டி செய்கிறவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. ஃபோர்டு கம்பெனி 2005-ஆம் வருஷ மாதிரியிலிருந்து, நாலு சக்கரமும் இழுக்கும் எப்-250, எப்-350 வண்டிகளின் முன்புறத்தில் பட்டை வில்லை நீக்கிச் சுருள் வில்லை வைத்தது. சுருளில் பட்டைகளின் உராய்வு இல்லை. சிறு பள்ளத்துக்கும் வளைந்து கொடுக்கும். பின்புறத்தில் பாரத்தை உத்தேசித்துப் பட்டைகளையே வைத்துக்கொண்டது. ராம் கம்பெனி இன்னும் ஒரு படி துணிந்து, 2014-ஆம் வருஷத்து 2500 மாதிரியில் பின்புறத்துக்கும் சுருள் வில்லைக் கொண்டுவந்தது. அதிகப் பாரம் சுமக்கும் 3500 மாதிரிக்குப் பட்டைகளை விடவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளிலோ முன் சக்கரங்கள் இரண்டும் தனித்தனியே அசையும். முறுக்கிக்கொடுக்கும் இரும்புத் தண்டு அங்கே வில்லாக உதவுகிறது.

பெரிய கம்பெனிகளே சுமைக்கும் சுகத்துக்கும் நடுவே இப்படித் தராசு பிடித்துத்தான் முடிவு செய்திருக்கின்றன. வண்டி வாங்கியவரும் தாமே ஏதாவது மாற்றம் செய்வதற்கு முன் முதலில் போக வேண்டிய இடம் தராசுதான். லாரிகள் தங்கும் நிலையங்களில் எடை மேடை உண்டு. முன் அச்சில் எவ்வளவு, பின் அச்சில் எவ்வளவு, வெறும் வண்டியாக எவ்வளவு, வழக்கமான சாமான்களோடு எவ்வளவு என்று நிறுத்துக் குறித்துக்கொள்ள வேண்டும். வருஷத்தில் முந்நூறு நாள் வெறும் தொட்டியோடு ஓடும் வண்டிக்கும், தினம் ஒரு டன் சுமக்கும் வண்டிக்கும் ஒரே வைத்தியம் பலிக்காது.

முதல் வைத்தியம் காற்று

செலவில்லாத வைத்தியம் டயரில் இருக்கிறது. இந்த வண்டிகளின் டயர்கள் பெரும்பாலும் சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு வரை காற்றுத் தாங்கும் கனரக டயர்கள். ஓட்டுகிறவரின் கதவோரத்தில் ஒட்டியுள்ள சீட்டில் எழுதியிருக்கும் காற்றளவு முழுப் பாரத்துக்கு உரியது. வெறும் வண்டியிலும் பின் டயரில் அதே அளவு காற்றை வைத்தால் டயர் கல்லைப்போல் இருக்கும். எவ்வளவு கனத்துக்கு எவ்வளவு காற்று என்று டயர் கம்பெனிகளே அட்டவணை வெளியிடுகின்றன. எடை மேடைச் சீட்டையும் அட்டவணையையும் ஒப்பிட்டு, பின் டயர்களில் மாத்திரம் காற்றைக் குறைக்க இடமுண்டா என்று பார்க்கலாம். முன் டயர்களில் அதிகம் குறைக்க வழியில்லை. டீஸல் எஞ்சின் மட்டுமே அரை டன் அளவுக்குக் கனமாக முன்னால் எப்போதும் உட்கார்ந்திருக்கிறது.

காற்றைக் குறைப்பதில் ஜாக்கிரதை வேண்டும். காற்றுக் குறைந்த டயரின் பக்கங்கள் ஓயாமல் மடிந்து நிமிர்ந்து சூடேறுகின்றன; சூடு மிகுந்தால் டயர் பிய்ந்து போகும். 2000-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஃபயர்ஸ்டோன் கம்பெனி சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. அவற்றில் பல ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் இருந்தவை. டயர் உரிந்து, வண்டி கவிழ்ந்து, அமெரிக்காவில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்த வண்டிக்கு ஃபோர்டு சொல்லியிருந்த காற்றளவு 26 பவுண்டு. குற்றம் டயரிலா, காற்றிலா, வண்டியிலா என்று இரண்டு கம்பெனிகளும் வாதாடின. காற்றுக் குறைந்தால் டயர் சூடேறும் என்பதில் மட்டும் வாதத்துக்கு இடமிருக்கவில்லை. அந்த விபத்துகளுக்குப் பிறகு எழுந்த சட்டத்தினால், 2008-ஆம் வருஷ மாதிரி முதல் 10,000 பவுண்டுக்கு மேற்படாத வண்டிகளுக்கெல்லாம் காற்றுக் குறைந்தால் எச்சரிக்கும் விளக்குக் கட்டாயமாயிற்று. ஆகவே அட்டவணைக்குக் கீழே ஒரு பவுண்டும் இறங்கக் கூடாது. பாரம் ஏற்றும் நாளில், ஏற்றுவதற்கு முன்பே மறுபடியும் காற்றை நிரப்பிவிட வேண்டும். மறந்துவிடுவோம் என்று பயப்படுகிறவர்கள் காற்றில் கை வைக்காமல் இருப்பதே மேல்.

இன்னொரு எளிய வழி, மணல் மூட்டை. முன்பு சொன்ன கணக்கில் 200 கிலோ மணலை ஏற்றினால் ஆட்டம் 141-இலிருந்து 128-ஆக இறங்கும். பெட்ரோல் கொஞ்சம் அதிகமாகும். சுமக்கும் சக்தியில் 200 கிலோ குறைந்துவிடும். மூட்டையை அசையாமல் கட்ட வேண்டியதும் அவசியம். விபத்து நேர்ந்தால் மணல் மூட்டையும் பீரங்கிக் குண்டாகும்.

எண்ணெயும் இரும்பும்

அடுத்த வைத்தியம் ஷாக் அப்ஸார்பர். இந்தக் குழாயின் வேலை வண்டியைத் தாங்குவதல்ல. வில்லின் ஆட்டத்தை அடக்குவது. உள்ளே இருக்கும் எண்ணெய் சிறு துவாரங்களின் வழியாகப் பிதுங்கிச் செல்லும்போது ஆட்டத்தின் சக்தி உஷ்ணமாக மாறிவிடுகிறது. கரடுமுரடான பாதையில் வெகுநேரம் ஓடினால் எண்ணெய் நுரைத்துக் குழாய் தன் பிடியை இழக்கும். நுரைக்காமல் இருக்க வாயுவை அழுத்தி அடைத்த நல்ல ரகங்கள் கிடைக்கின்றன. பழைய குழாய்கள் தேய்ந்துபோன வண்டியில் இவற்றை மாற்றினால் பலன் உடனே தெரியும். ஒரு பள்ளத்துக்கு மூன்று முறை குதித்த வண்டி ஒரு முறையோடு நிற்கும். ஆனால் இறுக்கம் அதிகமான குழாய் நல்லது என்று எண்ணி வாங்கினால் பழைய கஷ்டமே தேவலை என்று ஆகிவிடும். சிறு மேடுகளில் அது வில்லையே அசைய விடாது.

மூன்றாவதும் பெரிய செலவுள்ளதுமான வைத்தியம் வில்லையே மாற்றுவது. தடித்த பட்டைகள் சிலவற்றுக்குப் பதிலாக மெல்லிய பட்டைகள் பலவற்றை, இடையே உராய்வைக் குறைக்கும் வில்லைகள் வைத்து அடுக்கினால், சிறு பள்ளங்களுக்கும் வில் வளைந்து கொடுக்கும். இந்த வேலையைத் தெரிந்தவர் செய்தால் நல்ல பலன் உண்டு. சிலர் செலவுக்கு அஞ்சி, அடுக்கில் உள்ள மிகத் தடித்த பட்டையைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அது அதிகப் பாரம் ஏறும்போது மாத்திரம் வந்து கைகொடுக்கும் துணைப் பட்டை. வெறும் வண்டியில் பெரும்பாலும் அது மற்றவற்றைத் தாங்குவதே இல்லை. அதை எடுத்ததனால் சவாரி மிருதுவாவதில்லை. ஆபத்துக்கு உதவும் தோழனை வீட்டை விட்டு விரட்டியதுதான் மிச்சம்.

காற்றுப் பைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பட்டை வில்லை முழுவதும் நீக்கிவிட்டுக் காற்று வில் வைப்பது ஒன்று. அமெரிக்காவின் கிரேஹவுண்ட் கம்பெனியின் 'ஸீனிக்ரூசர்' பஸ்கள் 1954-இலேயே அப்படி ஓடின. பாரத்துக்குத் தக்கபடி காற்றை ஏற்றி இறக்கலாம் என்பதால் அது உத்தமமான முறை, விலையும் அப்படியே. பட்டைகளை வைத்துக்கொண்டே துணைக்குக் காற்றுப் பை வைப்பது வேறு. அது பாரம் ஏற்றிய வண்டியைச் சமமாக நிறுத்தும். வெறும் வண்டியை மிருதுவாக்காது. இரண்டையும் ஒன்றென்று எண்ணி ஏமாறுகிறவர்கள் அநேகர்.

உயரமும் கம்பீரமும்

சௌகரியம் என்ற பெயரில் அலங்காரமும் உள்ளே நுழைந்துவிடுகிறது. வண்டியை நாலு அங்குலம், ஆறு அங்குலம் உயர்த்தி, ஆள் உயரத்தில் பாதிக்கு மேலே வரும் டயர்களைப் போட்டுக்கொள்வது அங்கே பெரிய மோகம். பார்ப்பதற்குக் கம்பீரந்தான். ஆனால் சக்கரமும் டயரும் அச்சும் வில்லின் மேல் நிற்பவை அல்ல. வில்லுக்குக் கீழே இருப்பவை. அவற்றின் கனம் ஏற ஏற, அவை மேட்டில் மோதித் துள்ளும் துள்ளலை அடக்குவது வில்லுக்குக் கடினமாகிறது. வண்டியின் பாரம் உயரத்தில் போய்விடுவதால் திருப்பங்களில் கவிழும் அபாயமும் கூடுகிறது. முன் விளக்கு எதிரே வருகிறவர் கண்ணில் நேராகப் பாய்கிறது.

முன்புறம் ஒரே முழு அச்சாக உள்ள வண்டிகளில், தேய்ந்துபோன மூட்டுகளோடு இப்படிப்பட்ட மாற்றங்களும் சேர்ந்தால், வேகத்தில் ஒரு பள்ளத்தைத் தட்டியதும் இரண்டு முன் சக்கரங்களும் இடமும் வலமுமாக வெறி பிடித்தாற்போல் ஆடத் தொடங்கும். அமெரிக்கர்கள் இதை 'மரண ஆட்டம்' என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். அவர்கள் பெயர் வைப்பதில் மிகைப்படுத்துகிறவர்கள் என்றாலும் இந்த விஷயத்தில் அப்படிச் சொல்வதற்கில்லை. தேய்ந்த மூட்டுகளை மாற்றாமல் ஸ்டீரிங்குக்குப் புதிய அடக்கு குழாய் ஒன்றை மாட்டினால், ஆட்டம் சில காலம் மறைந்து நிற்கும். நோய் உள்ளேயே இருக்கும்.

சீட்டில் இருப்பதும் வண்டியில் இருப்பதும்

இவ்வளவிலும் நாம் மிகவும் முக்கியமாகக் கருதும் விஷயம் ஒன்று இருக்கிறது. கதவோரச் சீட்டில் வண்டி மொத்தம் எவ்வளவு கனம் தாங்கும் என்று அச்சிட்டிருக்கிறது. புதிய வில் போட்டாலும், பழைய பட்டையைக் கழற்றினாலும் அந்தச் சீட்டு மாறுவதில்லை. பலமான வில்லைப் போட்டுவிட்டு, "இனிமேல் அதிகம் ஏற்றலாம்" என்று நினைப்பது தவறு. பிரேக்கும் அச்சும் டயரும் சட்டமும் பழைய அளவிலேயே இருக்கின்றன. மிருதுவான வில்லைப் போட்டவர் சீட்டில் உள்ளபடியே ஏற்றினால் அதுவும் தவறு. பின்புறம் தாழ்ந்து, முன் சக்கரங்கள் சாலையைச் சரியாகப் பிடிக்காமல், இறக்கத்தில் வண்டி சொன்னபடி கேட்காது.

மாற்றம் செய்தவர் இதையெல்லாம் நினைவில் வைத்திருப்பார் என்றே வைத்துக்கொள்வோம். ஐந்து வருஷம் கழித்து அந்த வண்டியை வேறொருவர் வாங்குகிறார். அவர் சீட்டைப் படிக்கிறார், நம்புகிறார். குதிரைக் கூண்டை மாட்டிக்கொண்டு, பின் ஆசனத்தில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு, மலைப் பாதையில் இறங்குகிறார். கழற்றி எறிந்த பட்டையைப் பற்றி அவருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? சுக சவாரிக்காகச் செய்த மாற்றத்தை ஒரு காகிதத்தில் எழுதி, புதிய தாங்கும் அளவையும் குறித்து, வண்டியோடு சேர்த்துக் கொடுப்பது சட்டம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் தர்மம் கேட்கிற காரியம். கழற்றிய பட்டையை எறியாமல் வைத்திருந்து கொடுத்தால் இன்னும் உத்தமம்.

சுருக்கமாகச் சொன்னால் வழி இதுதான்: முதலில் வண்டியை நிறுத்துப் பார்க்க வேண்டும். பிறகு டயரின் காற்றை அட்டவணைப்படி அமைக்க வேண்டும். தேய்ந்த மூட்டுகளையும் குழாய்களையும் மாற்ற வேண்டும். இவ்வளவும் செய்த பிறகும் தாயாரின் இடுப்பு முறையிட்டால் மாத்திரம் வில்லைப் பற்றி யோசிக்கலாம். வண்டி உண்மையில் என்ன சுமக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் சுகத்தைத் தேடுகிறவர்கள், கடைசியில் சுமையையும் சரியாகச் சுமப்பதில்லை, சுகத்தையும் அடைவதில்லை.